பதினைந்து மதிப்பெண் விதி

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் நகல் கடையில் என்னுடைய நகைச்சுவை விற்பனைக்குக் கிடைக்கிறது. சுருள் கம்பி போட்ட எண்பது பக்கம், நீல அட்டை. கேம் தியரி என்ற தாளுக்காக நான் முதல் வருடம் வகுப்பில் பேசியதெல்லாம் யாரோ ஒரு மாணவியின் உருண்டைக் கையெழுத்தில் அதற்குள் இருக்கிறது. 'எதிராளியும் உங்களைப் போலவே யோசிக்கத் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் இது பொருந்தாது' என்று ஒருநாள் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அது நான்காவது பாயிண்டாக எண் போட்டு எழுதப்பட்டிருக்கிறது. அந்த வருடத் தேர்வில் பதினொரு பேர் அதை விடைத்தாளில் எழுதினார்கள். 'என் வீட்டுக்காரர்' என்று எழுதியவர்களில் மூன்று பேர் பையன்கள்.

நான் ஆசிரியை அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் மைசூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்துத் துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவள். வினாத்தாள் அச்சுக்குப் போவதிலிருந்து மதிப்பெண் பட்டியல் மாணவர் கைக்குப் போவது வரை எந்தக் காகிதம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம் என்பது எனக்குத் தெரியும். பாதி விதிகளை வரைவு செய்தவளே நான்தான். பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்திருந்தேன், படித்ததை மறக்காமலும் இருந்தேன். இந்த இரண்டாவது தகுதி எங்கள் ஊரில் அபூர்வமானது என்பதால், நான் ஓய்வு பெற்ற மறு வருடமே துறைத் தலைவர் போன் செய்தார்.

"மேடம், ஒரு பேப்பர் இருக்கு. யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. கணக்கு வருதாம். நீங்க ஸ்வல்ப பாத்துக்கோங்க. உங்களுக்கும் பொழுது போகும்."

நியமன உத்தரவு வந்தது. அதில் மூன்று பிழைகள் இருந்தன. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அவர்கள் திருத்திய உத்தரவில் நான்கு பிழைகள் இருந்தன. அதற்கு மேல் அனுப்பவில்லை.

அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம். நான் பாடம் எடுத்த இரண்டாவது வருடம் வகுப்பில் நாற்பத்து நான்கு பேர், எம்.ஏ. இரண்டாமாண்டு. அவர்களில் பெரும்பாலோர் நீல அட்டையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, நான் அதிலிருந்து விலகுகிறேனா என்று கண்காணித்தார்கள். ஓர் உதாரணத்தை மாற்றினால் முகம் சுளித்தார்கள். "மேடம், போன வருஷம் மண்டி மொஹல்லா கடை சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க" என்று ஒருவன் எனக்கு எடுத்துக் கொடுத்தான்.

மண்டி மொஹல்லா எங்கள் ஊர்க் கடைத்தெரு, அந்த உதாரணம் இதுதான். ஒரே சந்தில் எதிரெதிரே இரண்டு பாத்திரக் கடைகள். ஞாயிற்றுக்கிழமை திறப்பதா மூடுவதா என்று ஒருவரையொருவர் கேட்காமல் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேரும் மூடினால் ஆளுக்கு ஐந்து அளவு நன்மை. ஒருவர் மூடியிருக்கும்போது இன்னொருவர் மட்டும் திறந்தால் திறந்தவருக்கு ஏழு, மூடியவருக்கு ஒன்று. இரண்டு பேரும் திறந்தால் ஆளுக்கு மூன்று. ஐந்தைவிட ஏழு பெரியது என்பதால் எதிர்க்கடை மூடியிருந்தாலும் நான் திறப்பேன், ஒன்றைவிட மூன்று பெரியது என்பதால் திறந்திருந்தாலும் திறப்பேன். அவரும் அப்படியே. கடைசியில் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார்கள். மாறினால் தனக்கு நஷ்டம் என்பதால் யாரும் மாற மாட்டார்கள். அப்படி நின்றுவிடும் இடத்துக்குச் சமநிலை என்று பெயர். பாடத்தின் முதல் படி இவ்வளவுதான். நாற்பத்து மூன்று பேர் இதை எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி எழுதவில்லை.

அவள் ஹனூர் பக்கத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். அப்பா பட்டுப்புழு வளர்ப்பவர். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், எங்கூர்ப் பக்கம் பட்டுக்கூடு ஏலத்துல இப்படி இல்லீங்க. வாங்கறவங்க அஞ்சாறு பேரும் தெனம் பாத்துக்கற ஆளுங்க. ஒருத்தரு விலையை ஏத்தலைன்னா அடுத்தவரும் ஏத்த மாட்டாரு. எங்கப்பாதான் வாயப் பாத்துட்டு நிப்பாரு."

"தினமும் பார்ப்பதால்தான் அப்படி. ஒரே ஒரு நாள் என்றால்?"

"ஒரு நாள்னாலும் நம்பருதானுங்க முக்கியம், மேடம். அஞ்சு எட்டா இருந்திருந்தா ரெண்டு கடையும் மூடியிருக்கும்."

முன்வரிசையில் யாரோ "ரேஷ்மே மேடம்", பட்டு மேடம், என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். வகுப்பு சிரித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து, "நல்லது, அது அப்புறம்" என்றேன். அவள் சொன்னதை அன்று காதில் வாங்கியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குச் சற்று முன் அவள் பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தாள். அந்தத் தாளை அவள் எழுதவிருந்த பருவம் அது. வெளிமாநில ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அவளை முனைவர் படிப்புக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரே நிபந்தனை: அவள் ஆராய நினைத்தது ஏலங்களைப் பற்றி என்பதால், கேம் தியரி தாளில் அறுபதுக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். முடிவு வந்த மறு திங்கட்கிழமைக்குள் மதிப்பெண் பட்டியலைக் காட்டியாக வேண்டும்.

"அறுபது வந்தாப் போதுங்க மேடம். இல்லைன்னா வீட்ல பி.எட். சேரச் சொல்லிட்டாங்க. எங்கூரு ஸ்கூல்ல வேலை ரெடியா இருக்குதாம்."

"உனக்கு எழுபதுக்குக் கீழே வராது. போய்ப் படி."

அந்த வருடம் வினாத்தாள் தயாரித்ததும் நான்தான். நீல அட்டைக்காரர்களை ஒரு தட்டுத் தட்டலாம் என்று மண்டி மொஹல்லா கேள்வியையே கொடுத்து எண்களை மட்டும் மாற்றினேன். கட்டாயக் கேள்வி, இருபத்தைந்து மதிப்பெண். இரண்டு கடையும் மூடினால் கிடைக்கும் ஐந்தை எட்டாக்கினேன். தனியாகத் திறப்பவரின் ஏழை அப்படியே விட்டுவிட்டேன்.

எட்டு ஏழைவிடப் பெரியது. எதிர்க்கடை மூடியிருந்தால் இப்போது நானும் மூடுவதே லாபம். இரண்டு பேரும் மூடியிருப்பதும் ஒரு சமநிலை, இரண்டு பேரும் திறந்திருப்பது இன்னொன்று. கணக்கே வேறு கணக்கு. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும் எது பெரிய எண் என்று. நானோ வினாத்தாளோடு கொடுக்க வேண்டிய விடைக்குறிப்பைப் போன வருடத்திலிருந்து அப்படியே எடுத்து, 'இரண்டு கடையும் திறந்திருக்கும், வேறு சமநிலை இல்லை' என்று எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். முத்திரை விதிப்படி சரியாக இருந்தது.

விடைத்தாள் திருத்தும் கூடத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீள மேசைகள். மேலே சுற்றும் மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க விடைத்தாள் கட்டுகளின் மேல் வைத்த டீ தம்ளர்கள். தம்ளர் வைத்த இடமெல்லாம் வட்டக்கறை. ஒரு மாணவன் இரண்டு வருடம் படித்து எழுதிய தாளின்மேல் ஒருவர் வடையை வைத்துப் பிய்த்தார். எண்ணெய் ஊறி மூன்றாவது கேள்வி மறுபக்கம் தெரிந்தது. பலருக்குப் படிப்பதில் நம்பிக்கை இல்லை. கட்டை விரலால் பக்கங்களை விசிறிப் பார்ப்பார்கள். தடிமன் இருந்தால் ஒரு எண், இல்லாவிட்டால் அதிலிருந்து இரண்டு குறைவு.

அந்த எண் ஐம்பத்திரண்டு. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கொண்டுவந்தவள் நான். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். முதலாமவர் போட்டது இரண்டாமவருக்குத் தெரியக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் பதினைந்துக்கு மேல் போனால் மூன்றாமவரிடம் போகும். மூன்றில் நெருங்கிய இரண்டின் சராசரியே இறுதி. யாருடைய தாள்கள் அடிக்கடி மூன்றாமவரிடம் போகின்றனவோ அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ. எல்லோரும் ஒழுங்காகப் படித்துத் திருத்துவார்கள் என்று பணியில் இருந்தபோது நான் வரைந்த விதி இது. பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் கூடம் முழுக்க ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது: ஐம்பத்திரண்டு போட்டால், அடுத்தவர் முப்பத்தேழிலிருந்து அறுபத்தேழு வரை என்ன போட்டாலும் மெமோ வராது. யாரும் யாரிடமும் பேசாமலே எல்லோரும் அந்த எண்ணில் வந்து நின்றார்கள். கேம் தியரி தாளை அதைப் படிக்காமலே செயல்படுத்தியவர்கள் அவர்கள்.

பக்கத்து மேசைக்காரர், வேறொரு கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர், நான் ஒரு தாளில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"ஏன் மேடம் ஓதுத்தீரா? ஐவத்தெரடு ஹாக்கி, ஆராமாகி இரி." படித்துக்கொண்டா இருக்கிறீர்கள், ஐம்பத்திரண்டு போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார்.

"படிக்கத்தான் கூப்பிட்டார்கள்."

"அது ஸர்க்யுலர்ல மேடம்" என்றார் தமிழில், மரியாதையாக.

இரண்டாமவராகத் திருத்த வந்த நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது அவளுடைய தாள். பெயர் இருக்காது, எண் மறைத்திருக்கும். ஆனால் கட்டம் போட்டு அம்புக்குறி வரைவதில் ஒரு வழக்கம் அவளுக்கு உண்டு. கடையிலிருந்து கடைக்கு அம்பு போட்டு, முனையில் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். மற்றக் கல்லூரிகளும் சேர்த்து அதற்கு முன் நான் திருத்திய அறுபதுக்கும் மேற்பட்ட தாள்களில் எல்லோரும் நீல அட்டை விடையை எழுதியிருந்தார்கள். கட்டத்தில் எட்டு என்று தங்கள் கையாலேயே எழுதிவிட்டு, கீழே 'ஐந்தைவிட ஏழு பெரியது' என்று எழுதியிருந்தார்கள். என் விடைக்குறிப்பும் அதையே சொன்னதால் நானும் டிக் அடித்துக்கொண்டே வந்திருந்தேன். அறுபது முறை.

அவள் எழுதியிருந்தாள்: இங்கே இரண்டு சமநிலைகள் இருக்கின்றன. இரண்டு பேரும் திறப்பது ஒன்று, இரண்டு பேரும் மூடுவது இன்னொன்று. எதில் நிற்பார்கள் என்பது எதிராளி என்ன செய்வார் என்று நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிறகு ஒரு வாக்கியம்: 'இந்த எண்களில், நம்பகமானவரை நம்புவதால் நஷ்டம் இல்லை.'

என் விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். எட்டு. ஏழு. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேர்வுக் குழுத் தலைவர் கூடத்தின் மூலையில் மேசை போட்டிருந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர், நல்ல மனிதர். எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்வார். நான் குனிந்து, விடைக்குறிப்பு தவறு என்றேன்.

"எந்தக் கேள்வி மேடம்?"

"மூணாவது. இருபத்தஞ்சு மார்க்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஃபர்ஸ்ட் வேல்யுவேஷன் நேத்தே முடிஞ்சாச்சு. உங்களுதும் பாதி முடிஞ்சிருக்கும். இப்போ கீயை மாத்தினா போர்டு மீட்டிங், மினிட்ஸ், அத்தனை பேப்பரும் திரும்ப. வெள்ளிக்கிழமை ரிசல்ட். எத்தனை பேர் அதைச் சரியா எழுதியிருக்காங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தர்."

"ஒருத்தர்தானே மேடம்." கொஞ்சம் யோசித்து, இன்னும் மெதுவாக, "கீ யாரு போட்டது?"

நான் கையிலிருந்த விடைக்குறிப்பை இரண்டாக மடித்தேன்.

"தலை கெடுத்துக்காதீங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். உங்களுக்குத் தெரியாத ரூலா?"

தெரியாத விதி இல்லை. எழுத்தில் ஒரு வரி கொடுத்தால் அவர் பணியை நிறுத்தியே ஆக வேண்டும். வாயால் சொன்னால் சொல்லாத மாதிரி. முப்பது வருடம் என் மேசைக்கு முன் நின்றவர்களிடம் 'எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்' என்று சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். அன்று வாயால் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த வயதில் என் பெயருக்கு ஒரு மெமோ வருவதை நான் விரும்பவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நேர்மையாகத் திருத்தினால் அவளுக்கு எழுபத்தாறு. முதலாமவர் என் தவறான விடைக்குறிப்பை வைத்துத் திருத்தியிருந்தால் மூன்றாவது கேள்வியில் கட்டம் போட்டதற்கு மூன்று மட்டும் கொடுத்திருப்பார். அப்போது மொத்தம் ஐம்பத்து நான்கு. நான் எழுபத்தாறு போட்டால் வித்தியாசம் இருபத்திரண்டு, தாள் மூன்றாமவரிடம் போகும், அவரும் அதே குறிப்பைப் பார்ப்பார், என் எண் குப்பைக்குப் போகும். ஆகவே ஐம்பத்து நான்கோடு பதினைந்தைக் கூட்டி அறுபத்தொன்பது போட்டால், வித்தியாசம் எல்லைக்குள் நிற்கும். சராசரி அறுபதைத் தாண்டிவிடும். அவளுக்குக் கடிதம் பலித்துவிடும், எனக்கு மெமோ வராது, யாருக்கும் எதுவும் தெரியாது.

மூன்றாவது கேள்விக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அதைக் குறைக்க மனசு வரவில்லை. ஏழு குறைக்க வேண்டுமே, அதற்காக முதல் கேள்வியில் போட்ட பதின்மூன்றை அடித்துப் பத்தாக்கினேன். நான்காவதில் பன்னிரண்டை அடித்து எட்டாக்கினேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. இரண்டு இடத்திலும் போட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நீ போட்ட ரூல்தானே அது? அதுல நீயே ஓட்டை போட்டுண்டு வந்திருக்கே" என்றார். அவரை நான் நான்காவது பாயிண்டில் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அவளுக்கு ஐம்பத்து மூன்று.

என் பிழை எளியது. முதலாமவர் தாளைப் படித்திருப்பார் என்று நம்பிவிட்டேன். அவர் படிக்கவில்லை. கட்டை விரலால் விசிறிவிட்டு ஐம்பத்திரண்டு போட்டிருந்தார். அத்தனை நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், கணக்குப் போட வேண்டிய ஒரே இடத்தில், சக மனிதர் தன் வேலையைச் செய்திருப்பார் என்று வைத்துக்கொண்டேன். அறுபத்தொன்பதுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் வித்தியாசம் பதினேழு. தாள் மூன்றாமவரிடம் போனது. அவர் ஐம்பத்து மூன்று போட்டார், ஒருவேளை தடிமன் பார்த்து. நான் அறுபத்தேழு போட்டிருந்தால் தப்பித்திருக்கும். வித்தியாசம் பதினைந்துக்குள் நின்று, சராசரி ஐம்பத்தொன்பதரை, அரையை ஒன்றாக்கி அறுபது. அரையை ஒன்றாக்கும் விதியும் என்னுடையதுதான். உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கட்டும் என்று இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன். பொய் சொல்ல இறங்கியவளுக்கு அந்தக் கடைசி நேர ஆசை எதற்கு?

நான்கு நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "வாசல்ல ஒரு பொண்ணு வந்து நிக்கறா, கையில ஏதோ கட்டு வெச்சிண்டிருக்கா" என்று உள்ளே குரல் கொடுத்தார். கட்டு, விடைத்தாளின் நகல். விண்ணப்பித்தால் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

அவள் உட்காரவில்லை. தாளை மேசைமேல் விரித்தாள். முகப்பில் மூன்று எண்கள்: 52, 69, 53.

"இந்த டிக் உங்களுதுங்களே, மேடம். வால் நீட்டிப் போடுவீங்க."

"ஆமாம்."

"மூணாவது கேள்விக்கு இருபத்தஞ்சும் குடுத்திருக்கீங்க. அப்ப அது சரிதானுங்களே?"

"சரிதான். கீதான் தப்பு. நான் போட்ட கீ."

அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். "மொதல் கேள்வியில பதிமூணு போட்டு அடிச்சுப் பத்தாக்கியிருக்கீங்க. நான் நாலு தடவை படிச்சுப் பாத்துட்டனுங்க. என்ன தப்புன்னு தெரியலீங்க. சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

"அதில் தப்பு எதுவும் இல்லை, அம்மா."

"நாலாவதுல?"

"அதிலும் இல்லை."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடம், ஐம்பத்திரண்டு, பதினைந்து, ஐம்பத்து நான்கு என்ற என் யூகம். விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். என்னிடம் படித்தவர்களில் அவள் ஒருத்திதான் அப்படிப் பிடித்துக்கொள்வாள்.

"அவங்க படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா அறுபத்தேழு போட்டிருப்பீங்க."

"ஆமாம்."

"எழுபத்தாறே போட்டு, கீ தப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தா?"

"எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி திருத்தியிருப்பார்கள்."

"எனக்கு எழுபத்தாறே வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"அதைக் கட்டத்துலயே போடலீங்களா, மேடம்?"

கேலியாகக் கேட்கவில்லை. ஓர் ஆட்டத்தில் ஒருவர் செய்யக்கூடியவற்றையெல்லாம் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும், ஒன்றை விட்டால் கணக்கே தவறு என்று நான் முதல் வகுப்பில் சொன்னதைத்தான் கேட்டாள். என் வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பும் சத்தம் நின்றிருந்தது.

"திங்கக்கிழமை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"நேத்துப் போன் பண்ணினனுங்க. வெய்ட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்களாம். ஸ்பெஷலா கேட்டா, திருத்தின மார்க் கார்டு பத்து நாளைக்குள்ள வந்தாப் பாக்கலாம்னு ஒரு சார் சொன்னாரு." கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன் வைத்தாள். "கீ தப்புன்னு எழுதிக் குடுங்க மேடம். கையெழுத்துப் போட்டு."

எழுதினேன். நான்கே வரி. விடைக்குறிப்பைத் தயாரித்தது நான், அது தவறு, திருத்தும்போதே எனக்குத் தெரியும், எழுத்தில் தெரிவிக்கத் தவறினேன். எத்தனை பேரிடமிருந்து இப்படிக் காகிதம் வாங்கியிருக்கிறேன்! மூன்றாவது வரியில் எல்லோரும் ஒரு காரணம் சேர்ப்பார்கள். உடல்நிலை, குடும்பச் சூழல். எனக்கும் அங்கே கை நின்றது. காரணம் எழுதாமல் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நானே அவளோடு போய்ப் பதிவு எண் போட்டு வாங்கினேன். எந்த மேசைக்குப் போகும், அங்கிருந்து எங்கே என்று தெரிந்து, காகிதத்தோடு நடந்தேன். என்னிடம் வேலை பழகியவர்கள் எழுந்து நின்றார்கள், காபி வரவழைத்தார்கள், நாற்காலி போட்டார்கள். காகிதத்தை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. முடிவு வெளியான பிறகு விடைக்குறிப்பைத் திருத்த வேண்டுமானால் மூன்று பேர் குழு உட்கார வேண்டும், குழுவைத் துணைவேந்தர் நியமிக்க வேண்டும், துணைவேந்தர் வெளியூரில் இருந்தார். "நீங்களே போட்ட ப்ரொசீஜர் மேடம், நாங்க எப்படி மீறறது?" என்று ஒரு கண்காணிப்பாளர் மனம் நொந்து கேட்டார். உண்மையிலேயே நொந்துதான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

குழு ஐந்து வாரம் கழித்து உட்கார்ந்தது. விடைக்குறிப்பு தவறென்று ஒப்புக்கொண்டது. புதிய மதிப்பீட்டில் அவளுக்கு எழுபத்தைந்து. அந்தத் தாளில் அந்த வருடம் முதலிடம் என்று மதிப்பெண் பட்டியலில் நட்சத்திரம்கூடப் போட்டுக் கொடுத்தார்கள். ஆராய்ச்சி நிறுவனத்தில் வகுப்பு தொடங்கி நான்கு வாரம் ஆகியிருந்தது.

எனக்கு மெமோ வந்தது. மூன்று வருடத்துக்குத் தேர்வுப் பணி எதிலும் சேர்க்கப்பட மாட்டேன். கன்னடத்தில் ஒன்றரைப் பக்கம். நான் பணியில் இருந்தபோது வரைந்த படிவம் அது. இரண்டாம் பத்தியில் ஒரு வாக்கியம் எழுவாயில்லாமல் தொங்கும். திருத்த வேண்டும் என்று பல வருடம் நினைத்துத் தள்ளிப்போட்டது. அந்தத் தொங்கல் அப்படியே என் பெயரோடு வந்திருந்தது.

வகுப்பும் போயிற்று. அந்தத் தாளை இப்போது ஓர் இளைஞர் எடுக்கிறார். போன மாதம் மேல்கோட்டைக்குப் பஸ் ஏறுவதற்கு முன் கொஞ்சம் நேரம் இருந்தது. நகல் கடையில் எட்டிப் பார்த்தேன். அட்டை நிறம் மாறியிருக்கிறது, பச்சை. 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே மண்டி மொஹல்லா கேள்வி. கீழே குழு வெளியிட்ட புதிய விடையை, அதாவது அவளுடைய விடையை, வரி மாறாமல் அடித்திருக்கிறார்கள். ஐந்தாவது பாயிண்ட்: 'இந்த எண்களில், நம்பகமானவரை நம்புவதால் நஷ்டம் இல்லை.' மேலே கட்டத்தில் மட்டும் பழைய எண்கள். ஐந்து, ஏழு. அந்த எண்களுக்கு அந்த விடை முழுத் தவறு. இந்த வருடம் நூற்றுக்கணக்கானவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். ஐம்பத்திரண்டும் வாங்குவார்கள்.

கடைக்காரரிடம் சொன்னேன். "ஆய்த்து மேடம், ஆகட்டும், அடுத்த பிரின்ட்ல பாத்துக்கலாம்" என்று சொல்லி இன்னொருவருக்குச் சில்லறை கொடுக்கத் திரும்பிவிட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்தேன். பி.எட். சேர்ந்திருந்தாள், அப்போது ஹனூர்ப் பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அவள் வாக்கியம் புத்தகத்தில் வந்திருப்பதைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதற்காக நினைத்தேனோ தெரியவில்லை.

"கட்டத்துல என்ன நம்பருங்க போட்டிருக்காங்க?"

"பழைய நம்பர். அஞ்சும் ஏழும்."

"அப்ப அது தப்புங்களே, மேடம்." அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரையோ அதட்டிவிட்டுத் திரும்ப வந்தாள். "எழுதிக் குடுத்துட்டீங்களா?"

வாயால்தான் சொல்லியிருந்தேன்.